கணினிக்கு முள் போட்ட வழக்கு

என் லேப்டாப்பின் மேல் முள் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று பார்த்திபன் சாரிடம் போனில் சொன்னேன். அவர் "வைரஸாம்மா?" என்று கேட்டார். "வைரஸ் இல்ல சார், முள்ளு. சூரைமுள்ளு. செடியில இருக்குமே, அது" என்றேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையின் மேல் நின்றுகொண்டு, கீழே தெரிந்த ஊரையும் அதில் குடியிருக்கும் என் சொந்தக்காரர்களையும் ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் செவ்வந்தி. பி.இ. சிவில். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து இன்ஜினீயரிங் முடித்த முதல் பெண் என்று மாலையெல்லாம் போட்டார்கள். அந்த மாலை வாடுவதற்குள் ஜமுனாமரத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுத்துத் தருவதற்கு நாலு வருஷப் படிப்பு தேவையில்லை என்பதை அங்கே வருகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேறு வேலை தேடாமலும் இல்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான், டிசைன் சாஃப்ட்வேர் தெரியுமா என்று. கல்லூரியில் எங்களுக்கு உத்தரத்தைக் கையால் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் அழகாகப் படம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் அறையை மட்டும் தூசி போய்விடும் என்று பூட்டியே வைத்திருந்தார்கள்.

அதனால்தான் கலசப்பாக்கத்தில் உரக்கடை மாடியில் பார்த்திபன் சார் நடத்தும் சென்டரில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு வகுப்பு. மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, போளூரில் இறங்கி இன்னொரு பஸ் மாறிப் போய், யூரியா வாசனைக்கு நடுவில் உட்கார வேண்டும். படிப்பு இதுதான்: கட்டடத்தைக் கம்பம் கம்பமாக, உத்தரம் உத்தரமாகக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். அதன் மேல் பாரத்தையும் காற்றையும் ஏற்ற வேண்டும். 'ரன்' கொடுத்தால் அது நிற்குமா விழுமா என்று சாஃப்ட்வேர் சொல்லிவிடும்.

சார் தங்கமான மனிதர். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கத்துவார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும், இது தரையில் ஊன்றியிருக்கிறது என்று நாம்தான் சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் சப்போர்ட். சொல்ல மறந்தால் அதைப் பொறுத்தவரை வீடு அந்தரத்தில் தொங்குகிறது, ரன் ஆகாது. "அஸ்திவாரத்த மறந்துட்டு மாடி கட்றீங்களேம்மா" என்று மேசையில் தட்டுவார். கீழே உரக்கடைக்காரர் பதிலுக்கு விட்டத்தில் தட்டுவார்.

ஓசூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை ஆள் எடுக்க வருகிறார் என்றும், ஆளுக்கொரு கட்டடம் வரைந்து அவர் எதிரில் ரன் பண்ணிக் காட்ட வேண்டும் என்றும் சார் சொன்னார். போன முறை மாணவர்கள் எல்லோரும் சாரின் பென் டிரைவில் இருந்த ஒரே அபார்ட்மென்ட்டைக் காப்பியடித்துக் கொண்டுபோய், எல்லோருடைய பாத்ரூம் கதவும் ஒரே மாதிரி தப்பாகத் திறந்ததைப் பார்த்து அவர் எழுந்து போய்விட்டாராம். இந்த முறை நிஜமாக இருக்கிற கட்டடத்தை நீங்களே அளந்து வரைந்து வாருங்கள் என்றார் சார். எனக்குத் தெரிந்த நிஜமான கட்டடம் எங்கள் வீடுதான். தேக்குக் கம்பம், மண்சுவர், மேலே தகரம். அளந்தேன், வரைந்தேன், சார் ஏற்றிக் கொடுத்த சாஃப்ட்வேரில் மேற்கிலிருந்து வரும் ஆடி மாசத்து மேல்காற்றை அதன் மேல் அடிக்க விட்டு ரன் கொடுத்தேன். வீடு நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. என் கையால் வரைந்த ஒன்று விழாமல் நிற்பதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கேதான் வந்தது வினை.

காற்றடித்தால் கட்டடம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்த சாஃப்ட்வேர் அசையும் படமாகக் காட்டும். நிஜத்தில் அந்தச் சாய்வு ஒரு சாமை அரிசி அளவுகூட இருக்காது. கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று அதுவே பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அப்படிக் காட்டும்போது எங்கள் வீடு கிழக்கே ஒரு சாய் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அம்மா ரஞ்சிதம் வாயில் கைவைத்துச் சிரித்தாள். "உங்கப்பன் சந்தைக்குப் போய்ட்டு வர்ற மாதிரியே கீதுடி" என்றாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அடுத்த கொல்லையில் சாமைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த சேட்டு சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். அப்பாவும் சித்தப்பாவும் கூடப்பிறந்தவர்கள். வரப்பிலிருக்கும் ஒரு பலாமரம் யாருடையது என்ற தகராறில் பேச்சை நிறுத்தியவர்கள். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அவருடைய கொல்லை, கொல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது எந்தப் பக்கம் சாயுது?" என்றார்.

"கெழக்க, சித்தப்பா."

"கெழக்க யார் கொல்லை கீது?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "உங்க கொல்லைதான்" என்றேன்.

அன்று சாயங்காலமே ரேஷன் கடை வாசலில் ஊர் கூடிவிட்டது. நடுவில் நாட்டாமை தீர்த்தகிரி. எனக்குப் பெரியப்பா முறை. நியாயம் தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். நியாயத்தைத் தவிர வேறு எதையும் கவனிக்க மாட்டார் என்பதுதான் அவரிடம் இருக்கிற குறை.

"அண்ணன் வூடு எங் கொல்லையில வந்து வந்து போவுதுங்க. நானே கண்ணால பாத்தேன்" என்றார் சித்தப்பா.

"நீ இன்னா சொல்ற கோபால்சாமி?"

அப்பா எழுந்தார். வழக்கு என்றால் அப்பாவுக்கு மரியாதை அதிகம். "எனக்குத் தெரியாதுங்க. நான் சந்தைக்குப் போயிருந்தேன்" என்றார். வீடு சாய்ந்தபோது தான் உள்ளே இல்லை என்று அவர் சாட்சி சொல்வதைக் கேட்டதும் லேப்டாப்பைத் திறந்து, நானே பேச எழுந்தேன்.

சாய்வு சும்மா பெரிதாக்கிக் காட்டுவதுதான் என்று விளக்கினேன். சந்தேகமே வேண்டாம் என்று, பெரிதாக்குவதை நிறுத்திவிட்டு உள்ளது உள்ளபடி ஓட்டிக் காட்டினேன். வீடு ஆடாமல் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா, ஆள பாத்ததும் அடங்கி நிக்குது" என்றார் சித்தப்பா. கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஆடு மேய்க்கிறவர்களுக்கு அந்தத் திருட்டுக் குணம் நன்றாகத் தெரியும்.

நான் விடவில்லை. "பெரியப்பா, காவலூர்ல அவ்ளோ பெரிய கண்ணாடி வெச்சி நெலாவ பெரிசாக்கிப் பாக்குறாங்க. அதுக்காக நெலா பெரிசாய்டுமா? இல்ல, நம்ம ஊருக்குத்தான் வந்துடுமா?"

இதற்கு மேல் யாரும் பேச முடியாது என்று நினைத்தேன். தீர்த்தகிரி பெரியப்பா தாடையைத் தடவினார். "வராது பாப்பா. ஆனா நெலான்னு ஒண்ணு இருக்குது இல்ல? இருக்கிறதத்தான் கண்ணாடி பெரிசா காட்டும். இல்லாதத எங்கேர்ந்து காட்டும்? சாய்வு கொஞ்சமோ நஞ்சமோ, இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. "கொஞ்சம் இருக்குது" என்றேன்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குங்கறாங்க. வூடு சாயாமலா இருக்கும்?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்தார். வழக்கு உறுதியாகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு நிலத்தின் மேலோ மரத்தின் மேலோ வழக்கு வந்தால், நாட்டாமை சூரைமுள் வெட்டி அதன் மேல் போடுவார். வழக்குத் தீர்ந்து அவர் கையாலேயே எடுக்கும்வரை இரண்டு பேரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த வீட்டோடு யாரும் தண்ணீர், நெருப்பு புழங்க மாட்டார்கள், சாவுக்கும் வர மாட்டார்கள். இங்கே எதன் மேல் முள் போடுவது என்று ஒரு குழப்பம் வந்தது. பெரியப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். "நெஜ வூடு நேராத்தான் நிக்குது. அது மேல தப்பு இல்ல. சாஞ்சது பொட்டிக்குள்ள இருக்கிற வூடு. பொட்டி மேல முள்ளு போடுங்க."

போட்டார்கள். வழக்குப் பொருள் வரப்பில்தான் இருக்க வேண்டும் என்பதால், பலாமரத்தடிக் கல்லின் மேல் லேப்டாப்பை மூடி வைத்து, அதன் மேல் முள்ளை வைத்தார்கள்.

பாறையில் ஏறி மறுபடியும் சாரைப் பிடித்தேன். "சென்டருக்கு வாம்மா, இங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல புதுசா வரைஞ்சிடலாம்" என்றார். அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் சோறு பிசைந்த கையை எடுத்துவிட்டார்.

"அதே வூட்ட எங்க கட்டுனாலும் அதே வூடுதான். அது மேல முள்ளு கெடக்குது."

"அப்பா, வெள்ளிக்கெழம கம்பெனிக்காரர் வர்றாரு. இதவுட்டா எனக்கு ஜெராக்ஸ் கடைதான்."

"ஜெராக்ஸ் கடையில தண்ணி தருவாங்க, நெருப்பு தருவாங்க" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

மறுநாள் தூறல் போட்டது. வழக்குப் பொருளுக்குச் சேதம் வந்தால் குற்றம் இரண்டு தரப்பையும் சேரும். அதனால் அப்பா ஒரு உரச்சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். சித்தப்பா குடையோடு வந்தார். முள்ளைத் தொடாமல் சாக்கை எப்படிப் போர்த்துவது, சாக்கு பறக்காமல் குடையை எப்படி நிறுத்துவது என்று வருஷக்கணக்காகப் பேசாதவர்கள் இரண்டு பேரும் பேச வேண்டியதாயிற்று. அப்புறம் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள். நேர் மேலே பெரிய பலாப்பழம் ஒன்று தொங்கியது. விழுந்தால் லேப்டாப் சட்னி. எந்தப் பலாமரத்துக்காக அடித்துக்கொண்டார்களோ அதில் ஒருவர் ஏற, ஒருவர் கீழே சாக்கைப் பிடித்து, பழத்தை இறக்கி, பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அம்மா எனக்கு நாலு சுளை கொண்டுவந்து வைத்தாள். இதைத் தின்றுவிட்டு வேலை தேடு என்பது போல இருந்தது.

நான் நாட்டாமை வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். வழக்கை இன்றைக்கே முடித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். மறுபடி ஊர் கூடியது.

"சாய்வ நிறுத்த வழி இருக்குதா பாப்பா?" என்று பெரியப்பா கேட்டார்.

"நிறுத்த முடியாதுங்க. காத்துன்னு ஒண்ணு அடிச்சா எதுவும் கொஞ்சம் சாயத்தான் செய்யும்."

"அப்ப காத்த திருப்பி வுடு. கெழக்கேர்ந்து அடிச்சா வூடு மேற்கால சாயும் இல்ல?"

இந்த யோசனையைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் யாரோ மேற்கே என்ன இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார்கள். மேற்கே பாரஸ்ட்டுக்காரர்களின் எல்லைக்கல் நட்டிருக்கிறது. காட்டு நிலத்தில் ஒரு சுள்ளி பொறுக்கவே ஆயிரம் யோசிக்கிற ஊர், வீட்டைக் கொண்டுபோய்ச் சாய்க்குமா? வடக்கே மாரியம்மன் தேர் வரும் பாதை. தெற்கே நாட்டாமையின் புளியமரம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கம்ப்யூட்டருக்குள் காற்று வருவதற்கு எங்கள் ஊரில் திசையே இல்லாமல் போயிற்று.

கடைசியில் பெரியப்பா சொன்னார்: "சேட்டு வூட்டையும் பொட்டிக்குள்ள ஏத்து. அதுவும் கோபால்சாமி கொல்லையில சாயட்டும். சரிக்குச் சரி."

"அது எப்படி பெரியப்பா? அதே காத்துதான அதுமேலயும் அடிக்கும்? சித்தப்பா வூடும் கெழக்கதான் சாயும். சிங்காரம் மாமா கொல்லையில போய் வுழும்."

இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிங்காரம் மாமா எழுந்துவிட்டார். "அதெப்படி எங் கொல்லைக்கு வரலாம்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன், உங்க வூட்டையும் சேத்து வரைஞ்சிடறேன், அது அடுத்த கொல்லையில சாயட்டும். அது அதுக்கடுத்த கொல்லையில சாயட்டும். மொத்த ஊரையும் வரைஞ்சிடறேன், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சி கடைசியில பள்ளத்துல போய் வுழட்டும். போதுமா உங்களுக்கு?"

அடிக்க வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"நல்ல ரோசன" என்றார் தீர்த்தகிரி பெரியப்பா. "கடைசி வூடு என்னுது. அதுக்கு அந்தாண்ட பள்ளம். பள்ளத்துக்குப் பட்டா கெடையாது. யார் வந்து கேக்கப் போறான்?"

ஆத்திரத்தில் சொன்னதையெல்லாம் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளும் ஊர் எங்கள் ஊர். பெரியப்பா நேரே வரப்புக்குப் போய், முள்ளைத் தன் கையால் எடுத்து ஓரமாகப் போட்டார். ஒரு நிபந்தனை வைத்தார். வரிசையில் ஒரு வீடுகூட விடக்கூடாது. விட்டால் முந்தின வீட்டுச் சாய்வு அந்த வெற்று இடத்தில் போய்த் தங்கிவிடும், வழக்கு மறுபடி உயிர்பிடிக்கும். மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பைக் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. ஒரு வீட்டை வரைந்து பெருமைப்பட்டவள், ஊரையே வரைய உட்கார்ந்தேன். ஊர் முழுக்க டேப்பும் கயிறுமாக அலைந்தது. அளவு சொல்ல வருகிறவர்கள் சும்மா வரவில்லை. சிங்காரம் மாமா, "எப்படியும் வரையிற, ஒரு மாடி போட்டுடேன்" என்றார். மாடி போட்டால் சாய்வு கூடும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, மாடி வேண்டாம், வெளியே ஒரு பைப்பு மட்டும் போடு என்றார். இன்னொருவர் மாட்டுக் கொட்டகையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். நிஜத்தில் தள்ள வேண்டும் என்று நினைத்தே நாள் போய்விட்டதாம். மின்சாரம் போய்ப் போய் வந்தது. சித்தப்பாவே தன் பைக்கில் லேப்டாப்பை ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோய், என் ஜெராக்ஸ் கடையில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தார்.

கடைசி வீட்டுக்கு முந்தின இடத்தில்தான் சிக்கல். அது சாந்தம்மா அத்தையின் இடம். அவளுக்கு அரசாங்கத்தில் வீடு அனுமதி ஆகி, அஸ்திவாரம் போட்டதோடு வேலை நின்றுபோனது. ஆபீசில் பேசுகிறேன் என்று நாட்டாமை சொன்னார். பேச அவருக்கு நேரம் அமையவில்லை. அத்தை பக்கத்தில் ஒரு ஓலைச் சாய்ப்பில் இருக்கிறாள். அஸ்திவாரத்தின் மேல் புளி காயப்போடுவாள், மற்ற நாளில் ஆடு நிற்கும். அஸ்திவாரத்தை மட்டும் வரைந்துகொள்ளட்டுமா என்று கேட்கப் போனேன்.

"அஸ்திவாரம் சாயுமா?" என்றாள்.

"சாயாதுங்க அத்த."

"அப்ப ஊர்ல இருக்கிற சாய்வெல்லாம் எங்கிட்ட வந்து நின்னுடும். வூடு இல்லாதவ எடத்துலதான் ஊர்க் குத்தமெல்லாம் வந்து வுழணுமா?"

அவள் சொன்னது சாஃப்ட்வேர் படியும் சரி, பெரியப்பா சட்டப்படியும் சரி. "முழு வூடே வரைஞ்சிடறேன் அத்த. எப்படி வேணும், சொல்லுங்க" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கிழக்கே ஒரு ஜன்னல். சமையலுக்குத் தனி அறை. சிமென்ட் அலமாரி. முன்னும் பின்னும் கதவு. சாந்தம்மா அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சுவர் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரம் வேண்டாம், கான்கிரீட் தளம் போடு என்றாள். போட்டேன். மற்ற வீடுகளையெல்லாம் எரிச்சலோடு வரைந்தேன். அதை மட்டும் ஆசையாக வரைந்தேன், அதை மறைப்பதற்கில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதை முடித்து, ஒரு முறைகூட ரன் பண்ணிப் பார்க்க நேரமில்லாமல் பையில் வைத்துக்கொண்டு போளூருக்குப் போய், சித்தி வீட்டில் தங்கினேன்.

வெள்ளிக்கிழமை கலசப்பாக்கம் சென்டரில் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் பாண்டுரங்கன். எதிரில் ஒவ்வொருவராக அபார்ட்மென்ட், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று காட்டிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் ஒரு மலைச்சரிவு முழுக்க வீடுகள்.

"இது என்னம்மா, டவுன்ஷிப்பா?"

"எங்க ஊருங்க சார்."

அவர் பார்த்திபன் சாரைப் பார்த்தார். பார்த்திபன் சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, ரன் பண்ணுங்க."

பண்ணினேன். கொஞ்ச தூரம் ஓடி நின்றது. சிவப்பு எழுத்து வந்தது. ஒரே ஒரு வீடு நிலையாக இல்லை, அதனால் மொத்தமும் ரன் ஆகாது என்றது. சாந்தம்மா அத்தையின் வீடு.

பாண்டுரங்கன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த ஒரு வீட்டை டெலிட் பண்ணிட்டு ரன் பண்ணுங்க. மிச்சமெல்லாம் பாஸ் ஆயிடும். எனக்கு இன்னும் ஆளுங்க இருக்காங்க."

ஒரு பட்டனை அழுத்தினால் போதும். வேலை அந்தப் பட்டனில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும். "முடியாதுங்க சார்" என்று என் வாய் சொன்னது.

"ஏன்?"

"அத எடுத்துட்டா முன்னாடி வூடு வெறும் நெலத்துல சாயும். அப்புறம் வழக்கு வந்துடும். முள்ளு போட்டுடுவாங்க."

பார்த்திபன் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. நாலு நாளாக அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து, சித்தப்பா எட்டிப் பார்த்ததிலிருந்து பள்ளத்துக்குப் பட்டா இல்லாதது வரை மூச்சுவிடாமல் சொன்னேன். பேசிக்கொண்டே அந்த வீட்டைப் பெரிதாக்கிக் கம்பம் கம்பமாகத் தேடினேன். ஜன்னல் இருந்தது. அலமாரி இருந்தது. தளம் இருந்தது. கம்பங்களின் அடியைப் பார்த்தேன். ஒன்றிலும் சப்போர்ட் இல்லை. வீடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தைக்கு நிஜத்தில் இருப்பது அந்த அஸ்திவாரம் ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கற்பனை. கற்பனையையெல்லாம் கவனமாக வரைந்துவிட்டு, இருந்த ஒன்றை விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் முட்டியது. எதற்கும் நேரமில்லாததால் ஒவ்வொரு கம்பத்துக்கும் அடியில் சப்போர்ட்டை வைத்துவிட்டு மறுபடி ரன் கொடுத்தேன்.

ஓடியது. கடைசிவரை ஓடியது. மேல்காற்று அடித்தது. எங்கள் வீடு சித்தப்பா கொல்லையில் சாய்ந்தது. சித்தப்பா வீடு சிங்காரம் மாமா கொல்லையில் சாய்ந்தது. வரிசையாக ஊரே சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்தது. ஒரு வீடும் விழவில்லை.

"இன்னொரு தரம் ஓட்டுங்க" என்றார் பாண்டுரங்கன் சார். ஓட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இந்தக் கடைசி வீடு?"

"நாட்டாமை வூடு சார்."

"அதுக்கப்புறம் பள்ளம். பட்டா கிடையாது."

"கெடையாதுங்க."

நியாயம்தான் என்பதுபோல அவரும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டும்போது அவரையும் ரேஷன் கடை வாசலில் உட்கார வைத்துவிடலாம் போலிருந்தது. பிறகு பார்த்திபன் சார் பக்கம் திரும்பினார். "எங்க ஆபீஸ்ல ரன் ஆகலைன்னா முதல்ல டெலிட் பண்ணிடுவாங்க சார். நானே சொல்லியும் பண்ண மாட்டேன்னு சொன்ன முதல் ஆள் இந்தப் பொண்ணுதான்." என்னிடம், "அடுத்த மாசம் முதல் தேதி ஓசூர் வந்துடுங்க" என்றார். கீழே உரக்கடைக்காரர் விட்டத்தில் தட்டினார். பார்த்திபன் சார் மேசையில் தட்டியதை அப்போதுதான் கவனித்தேன்.

சாயங்கால பஸ்ஸில் மலையேறினேன். பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாக நின்றிருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா, "அது இருக்கட்டும், எல்லா வூடும் ஒழுங்கா சாஞ்சிதா?" என்று கேட்டார். சாய்ந்தது என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. நாட்டாமைக்குச் சொல்ல இரண்டு பேரும் வேகமாக முன்னால் நடந்தார்கள்.

சாந்தம்மா அத்தை தன் அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சமையலறை வரவேண்டிய இடம் அது.

"என் வூடு நின்னுதா?" என்றாள்.

"நின்னுது அத்த."

"காத்து அடிச்சப்போ?"

"கொஞ்சம் சாஞ்சிது. வுழல."

அவள் கையில் இருந்த புளியை முறத்தில் போட்டாள். "எந்தப் பக்கம் சாஞ்சிது?"

"நாட்டாமை வூட்டுப் பக்கம்."

அத்தை தலையைத் திருப்பி அந்த வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாயட்டும்" என்றாள்.